தம்பி என்ற சொல்லுக்கு இங்கிலீசில் என்ன?

மொழிபெயர்ப்பாளர் வேலை என்பது நாள் முழுக்க மற்றவர்களின் கதையைக் கதைத்துவிட்டு, உங்கள் கதையை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிற வேலை.

இதை வாசிக்கிற உங்களில் பாதிப்பேருக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. ரொறன்ரோவுக்கு வந்த புதிதில் அப்பாவை டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போயிருப்பீர்கள். அவர் “நெஞ்சுக்குள்ள ஒரு மாதிரிக் கிடக்கு” என்பார். டொக்டர் உங்களைப் பார்ப்பார். ‘ஒரு மாதிரி’க்கு இங்கிலீசு தேடி நீங்கள் முகட்டைப் பார்ப்பீர்கள். நான் செய்ததும் அதே வேலைதான். எனக்கு அதற்குச் சம்பளம் தந்தார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

தொண்ணூறுகளில் விமான நிலையத்துக் குடிவரவு அதிகாரிகளுக்கும், நகரத்துக்குள் நடக்கிற அகதி விசாரணைகளுக்கும் நான் தமிழ் மொழிபெயர்ப்பாளர். அதற்கு முன் கோழி வெட்டுகிற ஃபாக்டரியில் நின்றேன். அந்தக் குளிரையும் அந்த நாற்றத்தையும் நினைத்தால் இந்த வேலை சொர்க்கம். இடுப்பில் ஒரு பேஜர். அது அடித்தால் அடுப்பில் இருக்கிறதை இறக்கிவைத்துவிட்டு ஸ்காபரோவிலிருந்து ஒரு பஸ், பிறகு சப்வே, பிறகு இன்னொரு பஸ். போய்ச் சேர்ந்தால் நீலக் கதிரைகள் போட்ட ஒரு நீட்டு அறை. எங்கள் சனம் மாசி மாதத்திலும் மெல்லிய பருத்திச் சட்டையோடு, மடியில் ஒரு பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அந்த அறைக்குள் இருக்கும். நீங்களும் அந்த நீலக் கதிரையில் இருந்த ஆள் என்றால், அன்றைக்கு நடுங்கியது குளிருக்கா பயத்துக்கா என்று உங்களுக்கே தெரிந்திருக்காது.

பதினொரு வருசம் செய்தேன். சிரிக்கிற கதைகள் நிறைய இருக்கின்றன. ஆனால் ஒரு கதை மட்டும் வேறு மாதிரி. நான் சொன்ன ஒரேயொரு சொல்லால் ஒரு பெண்ணைத் திருப்பி அனுப்பியிருப்பார்கள். அவள் கூப்பிடுவாள் என்று கொழும்பில் காத்துக்கொண்டிருந்த அவளுடைய சின்ன மகளுக்கும் கதவு பூட்டுப்பட்டிருக்கும். அதையும் ஒளிக்காமல் சொல்லத்தான் போகிறேன். முதலில் கொஞ்சம் சிரித்துவிட்டுப் போவோம்.

குடும்பப் பெயர் என்ன?

நான் கூடுதலாக வேலை செய்தது கென் என்ற அதிகாரியோடு. ஆறடிக்கு மேல் உயரம், நரைத்த மீசை, மேசையில் எப்போதும் பாதி கடித்த டோனட். கோபக்காரர் இல்லை. ஆனால் படிவத்தில் ஒரு பெட்டி வெறுமையாகக் கிடந்தால் மனிதருக்குச் சாப்பாடு இறங்காது.

ஒருநாள் மட்டக்களப்புப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம். புருசன், பெண்சாதி, ஒரு கைக்குழந்தை. கென் “குடும்பப் பெயர்?” என்று தொடங்கினார். புருசனின் கடவுச்சீட்டில் அவருடைய தகப்பன் பெயர் முன்னுக்கு இருந்தது: காத்தமுத்து. பெண்சாதியின் கடவுச்சீட்டு கலியாணத்துக்கு முந்தி எடுத்தது. அதில் அவளுடைய தகப்பன்: வேலுப்பிள்ளை. குழந்தைக்கு அதன் தகப்பன்: செல்வராசா. கென் மூன்றையும் வரிசையாக வைத்துப் பார்த்துவிட்டு, “இது ஒரு குடும்பமா, மூன்று குடும்பமா?” என்று கேட்டார். நான் கால் மணித்தியாலம் விளங்கப்படுத்தினேன். எனக்கே தலை சுற்றியது. கடைசியில் அவர் மூன்று பேருக்கும் காத்தமுத்து என்று எழுதிப் பெட்டியை நிரப்பினார். வயலைத் தவிர வேறொன்றையும் பார்க்காமல், பிளேனை அண்ணாந்து மட்டுமே பார்த்துச் செத்துப்போன அந்த மனிதரின் பெயரில் கனடாவில் மூன்று ஹெல்த் கார்ட்.

இவ்வளவையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்த செல்வராசா என் பக்கம் சரிந்து சொன்னார்: “எங்கட ஊருல குடும்பத்துக்குப் பேர் வைக்கிறல்ல தங்கச்சி, ஆக்களுக்குத்தான் வைக்கிற. சரி, ஐயா ஆசைப்படுறார், அப்பாட பேர எல்லாருமா எடுப்பம்.”

தலை சொன்ன பதில்

இன்னொரு நாள் ஒரு பெரியவர். ஊரில் பஸ் கொண்டக்டராக இருந்தவர். கென் கேட்டார், “திரும்பிப் போகப் பயமா?” பெரியவர் தலையை இந்தத் தோளுக்கும் அந்தத் தோளுக்கும் மெல்லமாக ஆட்டினார். உங்களுக்கும் எனக்கும் அது ‘ஓம், பின்னே?’ கென் ‘இல்லை’ என்று எழுதினார். “இங்கே பாதுகாப்புக் கேட்கிறாரா?” திரும்பவும் அதே ஆட்டம். திரும்பவும் ‘இல்லை’. நாலாவது கேள்வியில் கென் பேனையை வைத்துவிட்டு, “அப்படியென்றால் இவர் எதற்கு வந்தார்?” என்று என்னைக் கேட்டார்.

எங்களுக்கு ஒரு கண்டிப்பான விதி. வாயில் வந்ததைத்தான் மொழிபெயர்க்கலாம். தலைக்கும் கைக்கும் நாங்கள் பொறுப்பில்லை. எனக்கோ உள்ளுக்குள் பற்றி எரிகிறது. கென்னிடம் அனுமதி கேட்டுவிட்டு, “அங்கிள், தலையை ஆட்டாமல் ஓம் எண்டால் ஓம், இல்லை எண்டால் இல்லை எண்டு வாயைத் திறந்து சொல்லுங்கோ” என்றேன். கென் நாலு ‘இல்லை’யையும் வெட்டத் தயாராகப் பேனையைத் திரும்ப எடுத்தார்.

பெரியவருக்குக் கோபம் வந்துவிட்டது. “உதென்ன பிள்ளை, அப்ப இவ்வளவு நேரமும் நான் கழுத்து நோக நோக என்னத்தைச் சொல்லிக்கொண்டிருந்தனான்?”

தவமலர் வந்த பின்னேரம்

தவமலருக்கு அப்போது முப்பது வயது இருக்கும். மாசி மாதத்து ஒரு பின்னேரம் வந்தாள். புருசனைச் சோதனைச் சாவடியில் விசாரணைக்கென்று கூட்டிக்கொண்டு போய் ஒன்றரை வருசம். ஆள் திரும்பி வரவில்லை. தேடிப் போன இவளையும் இரண்டுதரம் மறித்து வைத்துவிட்டு விட்டிருக்கிறார்கள். ஐந்து வயது மகள் மதுராவைக் கொழும்பில் ஒரு லொட்ஜில் தன் தாயோடு விட்டுவிட்டு வந்திருந்தாள். ஏஜென்சிக்காரன் ஒரு ஆளைத்தான் கொண்டுவர ஒப்புக்கொண்டானாம். இங்கே அகதியாக ஏற்றுக்கொண்டால் மகளைக் கூப்பிடலாம். ஏற்காவிட்டால் இவளைத் திருப்பி அனுப்புவார்கள், புருசனைக் கொண்டுபோனவர்களின் கைக்கே. இதையெல்லாம் அழாமல், ஒரு சொல் கூடக் குறையாமல் சொன்னாள்.

கென் அடுத்த பெட்டிக்கு வந்தார். கனடாவில் சொந்தக்காரர் உண்டா? அந்தப் பின்னேரம் முழுக்க அசையாத முகம் அப்போதுதான் கொஞ்சம் மலர்ந்தது. “ஓம். என்ர தம்பி இருக்கிறார். ரெக்ஸ்டேல்ல.” நான் “பிரதர்” என்றேன். யோசிக்க அரை நொடி கூட எடுக்கவில்லை. ‘தம்பி’க்கு யோசிக்க என்ன கிடக்கு? கென் ‘பிரதர், ஒருவர், ரெக்ஸ்டேல்’ என்று எழுதி அடுத்த பெட்டிக்குப் போனார்.

எல்லாம் முடிந்து நான் அவளை வெளி வாசல் மட்டும் கூட்டிக்கொண்டு போனேன். சுகுமார் என்ற அந்தத் தம்பி இருபது வயதுப் பெடியன். தனக்கே இரண்டு சைஸ் பெரிய ஜக்கெற் ஒன்றை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றான். “அக்கா” என்றவுடனே அழத் தொடங்கினான். தவமலர் அவனுடைய கன்னத்தைத் தடவிப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். “பத்து நாள் பிள்ளையிலயிருந்து என்ர இடுப்பில வளந்தவன் அக்கா. இப்ப பாருங்கோ, நான் அண்ணாந்து பாக்கவேண்டிக் கிடக்கு.”

வரவேண்டாமாம்

அந்த வசந்தகாலம் எங்கள் அறையில் சரியான சனம். ஒருநாள் ஆறு மணித்தியாலம் தொடர்ந்து கதைத்து நாக்கு வறண்டு போயிருந்தேன். கடைசி ஆள் ஊரில் புடவைக்கடை வைத்திருந்த ஒரு மனிதர். நல்ல மரியாதைக்காரர். கென் கடுதாசிகளைக் கையில் கொடுத்ததும் எழும்பிக் கும்பிட்டு, “அப்ப நான் போட்டு வாறன் ஐயா” என்றார். நான் களைப்பில் மூளையைக் கழற்றி வைத்துவிட்டு, ‘நான் போய்விட்டுத் திரும்பி வருகிறேன்’ என்று அப்படியே இங்கிலீசில் சொல்லிவிட்டேன்.

கென் நிமிர்ந்து உட்கார்ந்தார். “திரும்பி வருகிறாரா? எதற்கு? எல்லாம் முடிந்தது, வரவேண்டாம் என்று சொல்லுங்கள்.” நானும் விசரி மாதிரி, “வரவேண்டாமாம்” என்று தமிழில் சொன்னேன். அந்த மனிதரின் முகம் செத்துப்போனது. “ஏன் பிள்ளை, நான் என்ன பிழை விட்டனான்?” என்று திரும்பவும் கதிரையில் இருந்துவிட்டார். பிறகு அவருக்கு ஒரு பக்கம், கென்னுக்கு ஒரு பக்கம் விளங்கப்படுத்தினேன். எங்கள் ஆட்களுக்கு வாசலில் நின்று ‘போறன்’ என்று சொல்ல வாய் வராது, அது கூடாத சொல், வருகிறேன் என்று சொல்லித்தான் போவோம் என்று சொன்னேன். கென் அந்த மனிதரிடம் எழும்பிப் போய்க் கைகொடுத்து வழியனுப்பி வைத்தார்.

அந்த வெள்ளிக்கிழமை வேலை முடிந்து கோட்டைப் போட்டுக்கொண்டு கதவடியில் நின்றவர், திரும்பிப் பார்த்து மிகக் கவனமாகச் சொன்னார்: “ரஞ்சி, பொத்து வாரான். திங்கட்கிழமை.”

இரண்டும் உண்மை

இனி வருவது என் பிழை.

ஏறக்குறைய ஒரு வருசத்துக்குப் பிறகு நகரத்துக்குள் ஒரு விசாரணைக்கு என்னைக் கூப்பிட்டார்கள். அறைக்குள் போனால் தவமலர் இருக்கிறாள். அவளுக்குப் பக்கத்தில் தமிழ் தெரியாத ஒரு லோயர். எதிரே விசாரிக்கிற இரண்டு பேர். ஒரு நரைத்த தலை அம்மா, கண்ணாடி போட்ட ஒரு மனிதர். அவர்கள் ஜட்ஜ் இல்லை, ஆனாலும் எங்கள் சனம் ஜட்ஜ் என்றுதான் சொல்லும். மேசையில் ஒரு டேப் ரெக்கோடர் சுற்றிக்கொண்டிருந்தது. விமான நிலையத்தில் மொழிபெயர்த்த ஆள் நான்தான் என்று அங்கே தவமலரைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. கடுதாசியில் என் பெயர் இல்லை, ‘மொழிபெயர்ப்பாளர் மூலம்’ என்று மட்டும் இருந்தது. அப்போதே சொல்லியிருக்கவேண்டும். சொன்னால் அன்றைக்கு வேலை இல்லை என்று அனுப்பிவிடுவார்களே என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

காலமை எல்லாம் நன்றாகத்தான் போனது. தவமலர் புருசனைப் பற்றிச் சொன்னதை அந்த அம்மா பேனையை வைத்துவிட்டுக் கேட்டார். பிறகு கண்ணாடிக்காரர் இரண்டு கடுதாசிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். “வந்த அன்றைக்கு ஒரு பிரதர் இருக்கிறார் என்று சொல்லியிருக்கிறீர்கள். பிறகு நீங்கள் நிரப்பித் தந்த படிவத்தில் இரண்டு தங்கைகள் மட்டும், ஆண் சகோதரர் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். எது பொய்?” இதை நான் தமிழில் சொன்னேன்.

தவமலர் யோசிக்கவே இல்லை. “ரெண்டும் உண்மை. எனக்குத் தம்பி இருக்கிறார். ஆம்பிளைச் சகோதரம் இல்லை.” அதை அவர்களுக்கு நான் எப்படிச் சொல்வது? ‘எனக்குப் பிரதர் இருக்கிறார். எனக்குப் பிரதர் இல்லை.’ அப்படித்தான் சொன்னேன். ஒரு சொல் மாற்றாமல், ஒரு சொல் கூட்டாமல், விதிப்படி. கண்ணாடிக்காரர் லோயரைப் பார்த்துச் சொன்னார்: “ஒரு பிரதர் இருக்கிறாரா இல்லையா என்பதிலேயே பொய் சொல்கிறவர், கணவனைப் பற்றிச் சொன்னதை மட்டும் நான் எப்படி நம்புவது?”

எந்த ‘நான்’?

அப்போதுதான் எனக்கு முழுக்க விளங்கியது. சுகுமார் இவளுடைய சின்னம்மாவின் மகன். அன்றைக்கு வாசலில் நின்று கதைத்தபோது அவர்களே சொன்னதுதான், எனக்கு அப்போது உறைக்கவில்லை. எங்களுக்கு அவன் தம்பிதான், வேறு சொல் கிடையாது. இங்கிலீசில் அவன் கசின். இவள் தமிழில் உண்மையைத்தான் சொன்னாள். அதை அன்றைக்கு இங்கிலீசில் பிழையாக்கியது நான்.

உண்மையைச் சொல்கிறேன், உடனே நான் வாயைத் திறக்கவில்லை. ஒரு நிமிசம் இருக்கும், பேசாமல் டேப் சுற்றுகிறதைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். என் கண்ணுக்கு முன்னால் வந்தது அந்தக் கோழி ஃபாக்டரி. வீட்டில் இரண்டு பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். புருசனுக்கு வேலை நின்று நாலு மாதம். நான் சொல்லாவிட்டால் ஒருவருக்கும் தெரியவராது. அந்த ஒரு நிமிசத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. பக்கத்தில் தவமலர் தன்னுடைய விரல்களைப் பிசைந்துகொண்டு, தான் என்ன பிழை சொன்னோம் என்று தெரியாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எனக்கு இருக்க ஏலவில்லை.

உங்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். விசாரணை அறையில் மொழிபெயர்ப்பாளருக்கு ‘நான்’ கிடையாது. தவமலர் ‘நான் பயந்தேன்’ என்றால் நானும் ‘நான் பயந்தேன்’ என்றுதான் சொல்லவேண்டும். எனக்கென்று ஏதும் சொல்லவேண்டி வந்தால், ‘மொழிபெயர்ப்பாளர் ஒன்று சொல்ல விரும்புகிறார்’ என்று யாரோ மூன்றாம் ஆளைப் பற்றிச் சொல்கிற மாதிரிச் சொல்லவேண்டும். நான் அந்தப் பதற்றத்தில் எல்லாவற்றையும் மறந்துபோனேன். “அது நான்! அன்றைக்குப் பிரதர் என்று சொன்னது நான்!” என்று இங்கிலீசில் கத்தியேவிட்டேன்.

லோயர் எழும்பப் பார்த்தார். நரைத்த தலை அம்மா கையைக் காட்டி அவரை இருத்திவிட்டு, டேப்பையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மெல்லக் கேட்டார்: “இது எந்த ‘நான்’? அவரா, நீங்களா?”

கட்டலாமா, கட்டக்கூடாதா

நான்தான் என்றேன். நடந்ததைச் சொன்னேன். அந்த அம்மா எனக்குத் தனியாக ஒரு சத்தியம் செய்வித்து, சாட்சி மாதிரிக் கேள்வி கேட்டார். கூடப்பிறந்த இளையவனுக்குத் தமிழில் என்ன? தம்பி. தாயின் தங்கையின் மகனுக்கு? தம்பி. தகப்பனின் தமையனின் மகனுக்கு? இளையவன் என்றால் தம்பி. அப்படியானால் கசின் என்பதற்குத் தமிழே இல்லையா? இருக்கிறது, மாமாவின் மகன், மாமியின் மகன் என்றால் மச்சான். இது என்ன கணக்கு என்று கண்ணாடிக்காரர் கேட்டார். “மச்சானைக் கலியாணம் கட்டலாம். தம்பியைக் கட்டினால் ஊர் காறித் துப்பும். உங்கள் கசின் என்ற சொல் கட்டலாமா கட்டக்கூடாதா என்று சொல்லாது” என்றேன். அவருடைய வாய் கொஞ்சம் சிரித்த மாதிரி எனக்குப் பட்டது. சுகுமார் பிறந்து பத்தாம் நாள் தாயைப் பறிகொடுத்தவன், பெரியம்மா வீட்டில் வளர்ந்தவன் என்பதையெல்லாம் தவமலர்தான் சொல்லவேண்டும், அதற்கு வேறு மொழிபெயர்ப்பாளர் வரவேண்டும் என்று அன்றைய விசாரணையை ஒத்திவைத்தார்கள்.

வெளியில் வந்ததும் தவமலரின் காலில் விழாத குறையாக மன்னிப்புக் கேட்டேன். அவள் சண்டை பிடித்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். பிடிக்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: “அக்கா, நீங்கள் தம்பி எண்டதைப் பிரதர் எண்டு சொன்னது பிழை எண்டால், சரியாச் சொல்லுறது எண்டால் என்னெண்டு சொல்லியிருப்பியள்?”

கூடப் பிறக்காட்டில்?

என்னை இரண்டு மாதம் விசாரணைகளுக்குக் கூப்பிடவில்லை. எனக்கு அது வேண்டியதுதான். விமான நிலையத்துக்கு மட்டும் கூப்பிட்டார்கள். அங்கே கென் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, எனக்குப் புது டோனட் ஒன்றைத் தள்ளிவைத்தார். அவர் சொன்ன ஆறுதல் அவ்வளவுதான்.

அன்றிலிருந்து ‘அண்ணா’, ‘தம்பி’, ‘அக்கா’, ‘தங்கச்சி’ என்று யார் வாயைத் திறந்தாலும் கென்னிடம் அனுமதி கேட்டு, “கூடப் பிறந்தவரோ?” என்று ஒரு கேள்வி போட்டேன். சூடு கண்ட ஆள்தானே நான். ஆனால் அந்தக் கேள்வி எங்கள் சனத்துக்கு எவ்வளவு சுடும் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை. மல்லாகத்திலிருந்து வந்த ஒரு அன்ரி ‘என்ர அண்ணை அஜின்கோர்ட்டில இருக்கிறார்’ என்றார். நான் கேள்வியைப் போட்டேன். அன்ரி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“ஏன் பிள்ளை, கூடப் பிறக்காட்டில் அண்ணை இல்லையோ? என்ர கலியாணத்துக்குத் தாலி செய்விச்சுத் தந்தது ஆர் எண்டு நினைக்கிறீர்?”

அந்த அம்மா எழுதின சொல்

தவமலரின் இரண்டாவது விசாரணைக்கு நான் போக முடியாது. அன்றைக்கு வீட்டில் இருந்து ஒரு வேலையும் ஓடவில்லை. கறிக்கு இரண்டுதரம் உப்புப் போட்டேன். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தால் வந்து ‘அம்மா, are you sick?’ என்று கேட்டுவிட்டுத் தங்கள் பாட்டுக்கு டிவியைப் போட்டார்கள். பின்னேரம் நாலரைக்கு ஃபோன் அடித்தது. எடுத்தால் மற்றப் பக்கத்தில் அழுகை மட்டும் கேட்டது. “தவமலர், சொல்லும், என்ன சொன்னவை?” என்று கத்தினேன்.

“ஏத்துக்கொண்டிட்டினம் அக்கா. உடனேயே சொல்லிப்போட்டினம்.” நானும் அழுதேன். அழுது முடிய அவள் நடந்ததைச் சொன்னாள். “கடைசியா அந்த அம்மா கேட்டவ, அப்ப சுகுமார் உங்களுக்கு ஆர் எண்டு. நான் தம்பி எண்டன். வந்திருந்த மொழிபெயர்ப்பாளர் என்னெண்டு சொல்லுறது எண்டு யோசிச்சுக்கொண்டு நிக்கிறார். அந்த அம்மா அவரை நிப்பாட்டிப்போட்டு, இங்கிலீசு எழுத்தில ‘தம்பி’ எண்டு தானே எழுதினவ அக்கா. எனக்குத் திருப்பிக் காட்டினவ.”

வாசலில்

மகளைக் கூப்பிடுகிற அலுவல் உங்களுக்குத் தெரியும்தானே. படிவம், பிறகு இன்னொரு படிவம், பிறகு முதல் படிவத்தைக் காணவில்லை என்று ஒரு கடிதம். மதுரா வந்தபோது அவளுக்கு எட்டு வயது முடிந்துவிட்டது. தெரிந்த ஒரு குடும்பத்தோடு சேர்த்து அனுப்பியிருந்தார்கள். கென் கடுதாசியில் தாயின் பெயரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

“வெளியில் யார் நிற்கிறார்கள் என்று பிள்ளையைக் கேளுங்கள்” என்றார். மதுரா, “அம்மாவும் மாமாவும்” என்றாள். கென்னுக்கு, அவருடைய இங்கிலீசில், ‘மாமா’ என்றால் அதுவும் தாய்தான். இரண்டு தாயா என்று முழித்தார். நான் விடுவேனா? மாமா என்றால் தாயின் சகோதரர், ஆனால் உண்மையில் கூடப்பிறந்தவர் இல்லை, தாயின் சின்னம்மாவின் மகன், எங்கள் மொழியில் தம்பி, ஆகவே இந்தப் பிள்ளைக்கு மாமா என்று மூச்சு விடாமல் சொல்லி முடித்தேன். கென் பேனையை மூடினார். “ரஞ்சி, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போக ஆள் வந்திருக்கிறதா என்று மட்டும்தான் நான் கேட்டேன்.”

நான்தான் அவளை வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். போகிற வழியில் பிள்ளை என் கையை இறுக்கிப் பிடித்தாள். அம்மாவை அடையாளம் தெரியுமோ என்று கேட்டேன். “போட்டோவில தெரியும்” என்றாள். கதவு திறந்தது. தவமலர் கம்பிக்கு அங்கால் நின்றாள். மூன்று வருசத்தில் கொஞ்சம் தடித்திருந்தாள், தலைமயிரைக் கட்டையாக வெட்டியிருந்தாள். சுகுமார் பக்கத்தில் நின்று அவளுடைய தோளைப் பிடித்திருந்தான். தவமலர் மகளை அப்போதே கண்டுவிட்டாள். ஓடி வரவேண்டியவள் அப்படியே நிலத்தில் முழங்காலில் இருந்துவிட்டாள். மதுரா என்னுடைய கோட்டுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு எட்டிப் பார்த்தாள். போட்டோவில் இருந்த அம்மாவுக்கு நீட்டுப் பின்னல். பிறகு என்னைக் குனியச் சொல்லிக் காதுக்குள் சொன்னாள்: “அன்ரி, நீங்கள் அம்மாட்டச் சொல்லுங்கோ, மதுரா வந்திட்டாள் எண்டு.”

பதினொரு வருசத்தில் தமிழிலிருந்து தமிழுக்கு நான் மொழிபெயர்த்தது அந்த ஒருதரம்தான், அதையும் பாதிதான் சொன்னேன்.